மரியாதைக்கு ஒரு ஓட்டு

லெயோன்ஸ் தெல்பேஷுக்கு மேயராக வேண்டும் என்ற ஆசை இருந்தது எங்கள் ஊர் வெர்னாக்கில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிரான்சின் தென்மேற்கில், எங்கள் பெரிகோர் பக்கத்து வழக்கம் அது. பதவி வேண்டும் என்று கேட்கிறவனை, கல்யாண விருந்தில் மற்றவர்கள் தொடுமுன் வாத்துத் தொடையை எடுத்துக்கொள்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நாலு பேர் வீடு தேடி வந்து கெஞ்ச வேண்டும். எனக்கெதற்கு, வயலில் வேலை கிடக்கிறது என்று மூன்று தரம் மறுக்க வேண்டும். நாலாவது தரம் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வரி விடாமல் நடித்தாக வேண்டும்.

நான் வீடு வீடாகக் காரில் போய் ஊசி போடுகிற நர்ஸ். ஊர்ச்சபையிலும் ஒரு நாற்காலி எனக்கு உண்டு. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் பொய் அதிகம் வராது. ஆகவே வெர்னாக்கின் அரசியல் எனக்குப் பாதிரியாரைவிட நன்றாகவே தெரியும். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். நான் தினமும் போகிறேன்.

லெயோன்ஸுக்கு வால்நட் தோப்பும் வாத்துப் பண்ணையும் இருந்தன. நெடிய ஆள், பெரிய காதுகள். வெட்கப்பட்டால் முகம் அப்படியே இருக்கும், காதுகள் மட்டும் சிவக்கும். முப்பத்திரண்டு வயதில் ஊர்ச்சபைக்கு வந்தவர், பிறகு பல காலம் துணை மேயராக இருந்தார். மேயர் வாலாத் ஐயா பட்டணத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர்; மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு கல்யாணம் நடத்திவைப்பதும், போர் நினைவுத் தூணில் பூ வைப்பதும்தான் அவர் வேலை. தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பாதை யாருடைய நிலத்தை உரசிக்கொண்டு போகிறது, கல்லறைத் தோட்டத்துச் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் லெயோன்ஸின் பாடு. ஊருக்கு 'முடியாது' என்று சொல்ல வேண்டிய வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. வேட்டைச் சங்கத்துக்காரர்கள் காட்டுப் பாதையை அகலப்படுத்தக் கேட்டார்கள், முடியாது. என் சொந்தச் சித்தப்பா ரோட்டோரம் கொட்டகை போடக் கேட்டார், அதுவும் முடியாது.

அதற்குக் கூலியைத் தேர்தலன்று வாங்கிக்கொள்வார். எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் அப்போது ஓட்டுச் சீட்டில் பதினொரு பெயர் அச்சிட்டிருக்கும். பிடிக்காத பெயரைப் பென்சிலால் அடித்துவிடலாம். திரைக்குப் பின்னால் பென்சிலோடு போகிற வெர்னாக் ஆளின் முகத்தில் தெரியும் நிம்மதி, பாவமன்னிப்புக் கேட்டு வெளியே வரும்போதுகூடத் தெரியாது. என் சித்தப்பா லெயோன்ஸின் பெயரைச் சீட்டுக் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடிப்பார். அன்று சாயங்காலமே அவரோடு உட்கார்ந்து சீட்டும் ஆடுவார். ஒவ்வொரு தடவையும் லெயோன்ஸ் ஜெயிப்பார், ஒவ்வொரு தடவையும் கடைசியாக வருவார்.

இரண்டாயிரத்து எட்டில் வாலாத் ஐயா இனிப் போதும் என்று விலகினார். அடுத்த மேயர், சபையில் முப்பத்தொரு வருஷம் உழைத்த லெயோன்ஸ்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வழக்கப்படி நாலு பேர் போய்க் கெஞ்சினார்கள், அவரும் வழக்கப்படி மறுத்தார். அந்த வாரம் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நான் கருவியை ஒரு தட்டுத் தட்டினேன், கெட்டுவிட்டதோ என்று.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டு நடந்தது. லெயோன்ஸ் கடைசியாக வந்தார். முதலாவதாக வந்தவள் யூகெத் ரூபினே. ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் அவள் பெயர் அடிபடாமல் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் இரண்டாவது கரண்டி சூப் ஊற்றியிருக்கிறாள்; அவர்கள் எந்தக் கையால் அவள் பெயரை அடிப்பார்கள்? லெயோன்ஸும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சபைக்கு அவள் புதியவள்.

மக்கள் தேர்ந்தெடுப்பது பதினொரு பேரை மட்டும்தான். அந்தப் பதினொரு பேர் வெள்ளிக்கிழமை கூடி, வெற்றுத் தாளில் பெயர் எழுதி மடித்துப் பெட்டியில் போட்டு, தங்களில் ஒருவரை மேயராக்க வேண்டும். அதுவரை மேயர் என்று யாரும் இல்லை. இது எங்கள் ஊர்க் கோழிக்குக்கூடத் தெரியும். ஆனாலும் வேட்டைச் சங்கத் தலைவன் குளோவிஸுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மேல் மழை என்று வானொலியில் சொல்லிவிட்டார்களாம். புதன்கிழமையே ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், நெடிய பைன் மரம் ஒன்றை வெட்டி, உச்சியில் ஒரு கொத்து மட்டும் விட்டுக் கிளைகளைக் கழித்து, பட்டையைச் சீவி, கொடிகள் கட்டி, லெயோன்ஸ் வீட்டு வாசலில் மே மரம் நட்டுவிட்டான். நடுவில் 'எங்கள் மேயருக்கு மரியாதை' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை.

மே மரம் என்பது புது மேயருக்கு ஊர் செய்யும் மரியாதை; அதற்கு இரண்டு விதி உண்டு. நட்டவர்களுக்கு வீட்டுக்காரர் வயிறு நிறையச் சாப்பாடும் மதுவும் கொடுக்க வேண்டும். அடுத்தது, நட்ட மரத்தை யாரும் பிடுங்கக் கூடாது, வெட்டக் கூடாது. தானாக உளுத்து விழும்வரை நிற்க வேண்டும்.

லெயோன்ஸின் மனைவி மோரிசெத்துக்கு அன்று நான் முழங்காலுக்கு ஊசி போடப் போயிருந்தேன். அவள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வெச்சிட்டானுங்க பாரு," என்றாள். "இவரானா வாசல்ல நின்னுக்கிட்டு வேணாம் வேணாம்ங்கறாரு, காது ரெண்டும் செவந்து கெடக்கு."

ஆனால் அவளும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வாத்து ஈரல் பதம் செய்யவும், பூண்டு சூப்புக்கு ரொட்டி சொல்லிவைக்கவும் தொடங்கிவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மேயர் அலுவலகத்துக் கூடத்தில் கூடினோம். பின்னால் நாற்காலிகளில் ஊர் ஜனம். சபையில் வயதில் மூத்தவர்தான் அன்றைக்குத் தலைமை. அது தபால்காரராக இருந்த ஆன்செல்ம். தாள்களைப் பிரித்துப் படிக்கிற வேலை எனக்கு. லெயோன்ஸ் சவரம் செய்து, திருவிழாச் சட்டை போட்டு வந்திருந்தார்.

முதல் தாள் லெயோன்ஸ். இரண்டாவது யூகெத். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மூன்றாவதும் யூகெத். அப்போதும் சிரித்தார்கள். ஏழெட்டுத் தாள் தாண்டியபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. நான் கடைசித் தாளைப் பிரித்தேன். லெயோன்ஸுக்கு ஐந்து, யூகெத்துக்கு ஆறு. ஆறு போதும், மேயர் யூகெத்.

என்ன நடந்தது என்பது ஒரு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. ஆன்செல்ம்தான் முதலில் தலையைச் சொறிந்தார். லெயோன்ஸ்தான் வரப்போகிறார், ஞாயிற்றுக்கிழமை அத்தனை ஓட்டு வாங்கிய பெண்ணுக்கு இங்கே ஒன்றுகூட விழாவிட்டால் நன்றாயிருக்காது, மரியாதைக்கு நம்முடையது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தாராம். அடுத்தவரும் அதையே நினைத்தாராம். அதற்கடுத்தவரும். தன் ஒரு தாள்தான் மரியாதைத் தாள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். நாலு பேர் கணக்கு ஆயிற்று. மிச்சம் இரண்டு பேர் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லெயோன்ஸ் மெதுவாகக் கையைத் தூக்கினார். தன் பெயரைத் தானே எழுதுவது அசிங்கம் என்று அவரும் யூகெத்தின் பெயரை எழுதியிருந்தார். ஆறாவது கை மட்டும் எழவே இல்லை.

நான் யாருக்கு எழுதினேன் என்று மோரிசெத் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கும் நான் சொல்லவில்லை.

யூகெத் எழுந்தாள். அவளுக்கு வந்த கோபத்தில் குரல் சின்னதாகிவிட்டது.

"நான் என்ன சர்ச் வாசல்லயா உக்காந்திருக்கேன், ஆளாளுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போறதுக்கு?"

எல்லோரும் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சிரித்த பாவத்தில் எனக்கும் பங்கு இருந்ததால் நானும் குனிந்துகொண்டேன். அவள் லெயோன்ஸின் பக்கம் திரும்பினாள்.

"லெயோன்ஸ், இந்தப் பதவி உனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன், மறுபடி ஓட்டுப் போடட்டும்."

சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஒரே ஒரு வார்த்தைதான். பின் வரிசையில் மோரிசெத் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தன் உதட்டால் அந்த வார்த்தையை அவருக்கு எடுத்துக் கொடுப்பவள் போல. ஊர் முழுக்க அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. எனக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"நான் எப்ப கேட்டேன்?" என்றார் லெயோன்ஸ்.

"சரி, அப்ப நானே வெச்சிக்கறேன்," என்று சொல்லிவிட்டு யூகெத் தலைமை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மோரிசெத் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். இருவரும் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார்கள். "அந்த ஆளுக்குக் காப்பி ஆறுதுன்னு சொல்லு" என்பாள் அவள். "குடிச்சிக்கறேன்னு சொல்லு" என்பார் அவர். வாசலில் மரம் 'எங்கள் மேயருக்கு மரியாதை' என்று நின்றுகொண்டிருந்தது. இருட்டோடு இருட்டாக அதை எடுத்து யூகெத் வீட்டில் நட்டுவிடலாமா என்று குளோவிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டான். நட்ட மரத்தைப் பிடுங்கும் வழக்கம் இங்கே கிடையாது என்று லெயோன்ஸ் சொல்லிவிட்டார். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். யூகெத்துக்கான பைனை அவரே தேர்ந்தெடுத்தார். தன் வாசலில் நின்றதைவிட நெடியதாகப் பார்த்து. குழியும் அவரே தோண்டினார். ஊர் அதைப் பார்த்தது. அதற்குமேல் அவரைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. கேலி செய்தோம், ஆனால் அவர் எதிரிலேயே, அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மோரிசெத் செய்த விருந்து வீணாகவில்லை. மரம் நட்டாயிற்று, சாப்பாடு போட்டே ஆக வேண்டும். மேயராகாத மேயரின் வீட்டில் மேயர் விருந்து நடந்தது. யூகெத் வந்து அடுப்படியில் நின்று உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு வருஷத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை, ஆனால் நல்ல காலத்தில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பார்சல் கொண்டுவருகிற வண்டிக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு அவர் வீட்டில் இறங்குவார்கள்; அவர் யூகெத் வீட்டுக்கு வழி சொல்லி, போகிறவர்களிடம் ஒரு பை வால்நட்டும் கொடுத்தனுப்புவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒரு வகுப்பை மூடுகிறோம் என்று மேலிடத்து அதிகாரிகள் வந்தார்கள். யூகெத் அவர்களைப் பிள்ளைகளுக்கு நடுவே சின்ன நாற்காலிகளில் உட்காரவைத்து மத்தியானச் சாப்பாடு போட்டாள். லெயோன்ஸ் பக்கத்து ஊர்களில் ஏறி இறங்கி, இங்கே பிள்ளைகளைச் சேர்க்க மூன்று குடும்பங்களைச் சம்மதிக்க வைத்தார். வகுப்பு தப்பித்தது. எதனால் தப்பித்தது என்று இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஒருநாள் சட்டைக் கையை இறக்கிக்கொண்டே காரணத்தையும் சொன்னார். அவர் 'முடியாது' என்று சொன்னால் ஆள் முறைத்துக்கொண்டு போவானாம். யூகெத் அதையே சொன்னால் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறானாம். அதைப் பார்த்துப் பார்த்து அவரும் கொஞ்சம் கற்றுக்கொண்டாராம். என் சித்தப்பாவின் கொட்டகை விஷயமாகப் போய், அவருடைய தோட்டத்தையே சுற்றிவந்து, ரோட்டைத் தொடாத இடம் ஒன்றைக் காட்டினார். சித்தப்பா அதற்கப்புறம் பென்சிலை லேசாகத்தான் அழுத்துவார் என்று நினைக்கிறேன்.

திருப்தியாகத்தான் இருந்தார். ஆனால் யூகெத் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு கல்யாணம் நடத்திவைக்கிற நாட்களில் மட்டும், ஓரமாக நிற்கும் அவர் கை தன் சட்டையின் தோள்பட்டையை நீவிக்கொண்டிருக்கும். அவருக்குத் தெரியாமலே நடப்பது அது. நான் பார்த்திருக்கிறேன், மோரிசெத்தும் பார்த்திருக்கிறாள்.

இரண்டாயிரத்துப் பதினாலில் அடுத்த தேர்தல் வந்தது. யூகெத்துக்கு இடுப்பு வலி. சபையில் இருக்கிறேன், பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாலு பேர் லெயோன்ஸ் வீட்டுக்குக் கெஞ்சப் போனார்கள். மூன்றாவது மறுப்பு முடிந்தபோது நான் அங்கே இருந்தேன். அவர்கள் போன பிறகு மோரிசெத் கையில் இருந்த துணியை மேஜைமேல் போட்டாள்.

"ஏன்யா, நர்ஸ் முன்னாடியே கேக்கறேன். உனக்கு வேணுமா, வேணாமா?"

"ஜனங்க ஆசப்பட்டா பாப்போம்."

"ஜனங்கள நான் கேக்கல. ஜனங்களோடயா நான் குடும்பம் நடத்தறேன்?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாத்துகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டில் இந்த முறை அவர் கடைசியாக வரவில்லை, கடைசிக்கு முந்தி வந்தார். குளோவிஸ் கோடரியைத் தொடவில்லை. மேயர் யார் என்று காதால் கேட்கும்வரை காட்டுப் பக்கமே போக மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் நாற்காலி போதவில்லை. ஆன்செல்ம் காலமாகிவிட்டார், சபையில் இப்போது மூத்தவர் லெயோன்ஸ். யூகெத்தைவிட மூன்று மாதம் பெரியவர். ஆகவே தலைமை அவருக்கு, முடிவை அறிவிக்க வேண்டியதும் அவர்தான். தாள்களைப் பிரிப்பது வழக்கம்போல நான். ஓட்டுப் போடுவதற்கு முன் யூகெத் எழுந்து சொன்னாள்.

"இன்னிக்கி யாரும் யாருக்கும் மரியாத செய்ய வேணாம். அவங்கவங்க மனசுல இருக்கறத எழுதுங்க. போன தடவ செஞ்ச மரியாதையில என் இடுப்பு போனதே போதும்."

எல்லோரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். லெயோன்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்து, தாளை நாலாக மடித்து, கடைசி ஆளாகப் பெட்டியில் போட்டார்.

நான் பிரித்தேன். லெயோன்ஸ். லெயோன்ஸ். மறுபடி லெயோன்ஸ். மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: பத்து அவருக்கு, ஒன்று அவர் போட்ட மரியாதை ஓட்டு, அனேகமாக யூகெத்துக்கு. பத்தாவது தாளும் அவர் பெயரைச் சொன்னது. மிச்சம் இருந்தது நாலாக மடித்த ஒன்று. பிரித்தேன். படித்துக் காட்டாமல் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டேன், முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தானே.

எழுந்து நின்றார். காதுகள் இரண்டும் பழுத்த தக்காளி. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் அதற்குள் விரல் விட்டு எண்ணிவிட்டார்கள், ஒருவரும் அவருக்கு உதவவில்லை.

"லெயோன்ஸ் தெல்பேஷ்," என்று தன் பெயரைத் தானே படித்தார். "பதினொண்ணு."

யூகெத் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவர் தோளில் போட்டாள். "இத வாய் தொறந்து கேக்க உனக்கு ஆறு வருஷம் ஆச்சா?" என்றாள்.

"முப்பத்தேழு," என்றாள் மோரிசெத், பின் வரிசையிலிருந்து.